சுக்மாயா கேட்டு வாங்குன சட்டி

செம்பட்டியில எங்க தெருவுக்கு வந்து "நேபாளத்துக்காரி வீடு எது?"ன்னு கேட்டீகன்னா யாரும் கை காட்ட மாட்டாக. "சம்ஜனா அம்மா வீடா?"ன்னு திருப்பிக் கேப்பாக. கேட்டுட்டு, வீட்டைக் காட்டுற கையோட ஒரு பொய்யையும் சொல்லுவாக. "அந்தப் பிள்ளைய வளத்து விட்டதே நம்ம முத்துப்பேச்சிதான்."

அந்த முத்துப்பேச்சி நான்தான். நான் வளக்கல. சொல்லப்போனா அந்தப் பிள்ளை வளராமப் போறதுக்கு என்னால ஆனதைச் செஞ்சேன். சும்மா கெடைச்ச பேரை வாங்கி வச்சுக்க எனக்கு இஷ்டமில்ல. நடந்ததைச் சொல்லிர்றேன்.

எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு ரூம் இருக்கு. எங்க வீட்டுக்காரர் சுருளிவேல் அதுல உர மூட்டையும் பழைய மோட்டாரும் போட்டு வச்சிருந்தாரு. நாலு வருசத்துக்கு முந்தி ஒரு தை மாசம் அதை ஒழிச்சு, வெள்ளையடிச்சு வாடகைக்கு விட்டோம். வந்தவரு டேக் பகதூர். பஸ் நிக்கிற முக்குல இருக்கே ஓட்டலு, அதுல ஃப்ரைடு ரைஸ் மாஸ்டர். அஞ்சு வருசமா தமிழ்நாட்டுல இருந்தாலும் அவருக்குத் தெரிஞ்ச தமிழ் பூரா அடுப்படித் தமிழ். "அக்கா, பொண்டாட்டி வருது, ரெண்டு நாள்ல ரெடி"ம்பாரு, என்னமோ அடுத்த பிளேட்டு வருதுங்கிற மாதிரி.

வந்தா சுக்மாயா. ஏழு மாசம் வயித்துல. ஒரு பையி, ஒரு கம்பளிப் போர்வை, அடி உருண்ட ஒரு பித்தளைச் சட்டி. அந்தச் சட்டிய நாலு நாள் பஸ்லயும் ரயில்லயும் மடியில வச்சே கொண்டாந்திருக்கா. ஏன்டி, இங்க சட்டியே கெடைக்காதான்னு கேட்டேன். அவளுக்குப் புரியல. புரியலன்னா தலையக் குனியிற பழக்கமும் அவளுக்குக் கெடையாது. நேரா மூஞ்சியப் பாப்பா. எனக்கு அது அப்பப் பிடிக்கல. குடியிருக்க வந்தவ கொஞ்சம் பம்மணும்ல?

தமிழைப் பிடிச்ச விதத்தை மட்டும் சொல்லணும். ஒவ்வொண்ணையும் தொட்டு "இது?"ம்பா. சொன்னோம்னா, கதவுக்குப் பின்னாடி செவுத்துல பென்சிலால அவ எழுத்துல எழுதிக்குவா. வெள்ளையடிச்ச செவுரு! சண்டைக்குப் போனேன். "அக்கா, சண்டை... இது என்ன வார்த்தை?"ன்னு கேட்டு அதையும் எழுதுனா பாருங்க. தண்ணி, உப்பு, வலி, பஸ், ஆஸ்பத்திரி, சண்டை. எதெது அவசரமோ அதது மொதல்ல.

பங்குனி அஞ்சாந்தேதி திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில பொட்டப்பிள்ளை பெத்தா. நான்தான் கூடப் போனேன். சுகப்பிரசவம். ரெண்டு கிலோ எண்ணூறு. அவ சத்தம் போடவே இல்ல, பக்கத்துக் கட்டில்காரி போட்ட சத்தத்துலதான் என் காது போச்சு. மூணாம் நாள் வீட்டுக்குக் கூட்டியாந்தோம். அதுக்கப்புறம் ஆரம்பிச்சது எங்க தெருவுக்குப் பொழுதுபோக்கு.

மொதல்ல எண்ணெய். காலையில ஆறரைக்கு இள வெயில்ல கால நீட்டி உக்காந்து, கடுகெண்ணெயில வெந்தயத்தப் போட்டுக் காச்சி, பிள்ளைய உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் தேச்சு உருட்டுவா. வேடசந்தூர் மில்லுப் பக்கம் வடக்கத்தி ஆளுக கடையில டேக் பகதூர் வாங்கியாந்த எண்ணெய். நெடி எதிர்வீடு வரைக்கும் போகும். எதிர்வீட்டுச் செபாஸ்தியம்மாள் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாசலுக்கு வந்தா.

"ஏ பேச்சி, ஒன் வீட்டுல என்ன ஊறுகா போடுறியா?"

"நான் போடல. பின்னாடி அவ போடுறா."

"மாங்காயா, நாரத்தங்காயா?"

"பிள்ளை."

அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. சுக்மாயாவும் என்னமோ ஏதோன்னு எங்களப் பாத்துச் சிரிச்சா. இப்ப நெனச்சா எனக்கு ஒரு மாதிரியா இருக்கு.

ரெண்டாவது, பிள்ளைய முதுகுல கட்டுறது. இடுப்புல வைக்கத் தெரியாது அவளுக்கு. போர்வையால முதுகோட இறுக்கிக் கட்டிக்கிட்டு, ரெண்டு கையும் வீசிக் கொழாயடிக்கு வருவா. "கொரங்குக் குட்டி கணக்கா"ன்னு செபாஸ்தியம்மாள் சொன்னா. நானும்தான் சொன்னேன். ஆனா ரெண்டு கொடத்தத் தூக்கிட்டு அவ விறுவிறுன்னு போறப்ப, ஒரு கையில பிள்ளையும் ஒரு கையில கொடமுமா நான் எம்மக பானுப்ரியாவ வளத்தது ஞாபகம் வந்து இடுப்பு வலிச்சுச்சு. அதை யாருகிட்டயும் சொல்லல.

மூணாவதுதான் அந்தச் சட்டி.

பிள்ளை பெத்த பதினோராம் நாள், அவுக வழக்கத்துல பேர் வைக்கிற நாள். சம்ஜனான்னு வச்சாக. நானும் செபாஸ்தியம்மாளும் பிள்ளை பாக்கப் போனோம். சட்டி நெறைய எதையோ கொதிக்க வச்சு இறக்கியிருந்தா. நெய்யில ஓமத்தத் தாளிச்சு, மஞ்சத்தூளப் போட்டு, அண்டா அண்டாவாத் தண்ணி ஊத்திக் கொதிக்க விட்ட ரசம். பக்கத்துல கோழிச்சாறு, சோறு. ஒரு செம்பு ரசத்த ஒரே மடக்கா எங்க கண்ணு முன்னாடி குடிச்சா. குடிச்சுட்டு இன்னொரு செம்பு மோந்தா.

பிள்ளை பெத்தவ இம்புட்டுத் தண்ணி குடிக்கலாமா? எனக்குப் பொறந்த ஊரு குஜிலியம்பாறை. எங்க பக்கம் பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியம்னா பத்தியம்தான். வறுத்த பூண்டு, மொளகு, கருவாடு, கெட்டியா ரெண்டு கரண்டிச் சோறு. தண்ணி? ஒரு வேளைக்கு ஒரு டம்ளர் வெந்நி, அதுவும் வாய நனைக்க. தண்ணி குடிச்சா வயிறு சரிஞ்சிரும், பிள்ளைக்குச் சளி கட்டும், உள்ள இருக்கிற புண்ணு ஆறாது. எங்கம்மா அப்பிடித்தான் ஆறு பெத்தா. ஆறுல ரெண்டு போச்சு. அதை அப்ப நான் நெனச்சுப் பாக்கல.

"கேக்க ஆளில்லாத பிள்ளை, கண்டதையும் குடிக்குது. பேச்சி, நீதான் வீட்டுக்காரி, நீதான் பாக்கணும்"ன்னா செபாஸ்தியம்மாள்.

பாத்தேன். அன்னைக்கே அந்தச் சட்டியத் தூக்கிட்டு வந்து எங்க பரண் மேல வச்சேன். "நாப்பது நாளைக்கு நான் ஆக்கிக் குடுக்குறதுதான் நீ திங்கணும்"னு சொல்லிட்டேன். அவ சட்டியப் பாத்தா, என்னையப் பாத்தா. டேக் பகதூர் கையெடுத்துக் கும்பிட்டு, "அக்கா ஆஸ்பத்திரிக்கும் வந்துச்சு, சாப்பாடும் குடுக்குது"ன்னு கண்ணு கலங்குனாரு. அப்புறம் அவ எப்பிடி வேணாங்கிறது?

நான் ஒண்ணும் கெட்ட எண்ணத்துல செய்யல. ரெண்டு வேளையும் என் கையால பூண்டு உரிச்சு, கருவாடு சுட்டு, சுடச்சுடக் கொண்டு போய்க் குடுத்தேன். டம்ளர்ல வெந்நியும் அளந்து ஊத்துனேன். அதுதான் வெனை. தெருவுல எனக்கு நல்ல பேரு. "யாரோ எவரோ, எங்கிட்டோ நேபாளத்துல இருந்து வந்தவளுக்கு மக மாதிரி பாக்குறா"ன்னாக. எனக்கும் நெஞ்சு நிமுந்துதான் இருந்துச்சு.

சித்திரை வெயிலு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அவ உதடு வெடிச்சுக் கெடந்துச்சு. பிள்ளை செத்த நேரம் சப்பும், விட்டுட்டு அழும். மறுபடி சப்பும், அழும். அந்த எண்ணெயினாலதான் அழுகுதுன்னு செபாஸ்தியம்மாள் சொல்ல, எண்ணெயையும் நிறுத்தச் சொன்னேன். அதை மட்டும் அவ கேக்கல. நான் வீட்டுக்குள்ள போனதும் கதவச் சாத்திக்கிட்டுத் தேய்ப்பா. நெடியக் கதவு மறைக்குமா?

சித்திரை இருபது, நாப்பத்தஞ்சாம் நாள் ஊசி. நர்ஸம்மா புவனேஸ்வரி பால்வாடியில உக்காந்து வர்ற பிள்ளைகளையெல்லாம் தராசுத் தொட்டியில போட்டு எடை பாத்துக்கிட்டிருந்தாக. சம்ஜனாவப் போட்டாக. முள்ளைப் பாத்தாக. எடுத்துட்டு மறுபடி போட்டாக.

"மூணு கிலோ அம்பது கிராம். ஏம்மா, ஒன்றரை மாசத்துல கால் கிலோதான் ஏறியிருக்கு. அட்டையில கோடு எங்க நிக்குது பாரு. நல்லா சாப்பிடுறியா? தண்ணி நெறையக் குடிக்கிறியா?"

சுக்மாயா என்னையத் திரும்பிப் பாத்தா. ஒரு வார்த்தை போதும், என் மானம் அந்தப் பால்வாடியிலயே போயிருக்கும். அவளுக்கு அந்த வார்த்தை தெரியும், செவுத்துல மொதல்ல எழுதுனதே அதுதான்.

"அக்கா நல்லா குடுக்குது"ன்னா.

நானும் மண்டைய ஆட்டிக்கிட்டு நின்னேன். அன்னைக்கே திண்டுக்கல்லுக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டரம்மாகிட்டக் காட்டுனோம். பிள்ளைக்கு நோய் ஒண்ணும் இல்ல, பால்தான் பத்தல, தாயிக்கு நல்லா சாப்பாடு குடுங்க, பதினஞ்சு நாள் கழிச்சு எடை பாப்போம், ஏறலன்னா பவுடர் பாலும் சேக்கணும்னு சொன்னாக.

மத்தியானம் டேக் பகதூர் ஓட்டல்ல இருந்து வந்தாரு. விசயத்தக் கேட்டதும் அப்பிடியே வாசப்படியில உக்காந்துட்டாரு. ஒட்டன்சத்திரத்துல வேலை பாக்குற அவுக ஊர்க்காரக் குடும்பம் ஒண்ணு வைகாசி எட்டாந்தேதி ஊருக்கு ரயிலேறுதாம். அவுக கூடத் தாயையும் பிள்ளையையும் அனுப்பி வைக்கிறேன்னாரு. அங்க அவரோட அம்மா இருக்கு, தங்கச்சி இருக்கு, பாத்துக்குவாக. "இங்க இது தனி. ஒண்ணும் தெரியல"ன்னு பொண்டாட்டியக் காட்டிச் சொன்னாரு. நல்ல மனுசன்தான். பயந்துட்டாரு.

சுக்மாயா பிள்ளைய முதுகுல கட்டிக்கிட்டு நேரா எங்க அடுப்படிக்கு வந்தா.

"அக்கா, என் சட்டி குடு."

"எதுக்கு?"

"குடு."

"ஊருக்குக் கட்டவா? அதுக்கு இன்னும் நாள் கெடக்கே."

"ஊருக்கு இல்ல. நான் போக மாட்டேன்."

"புருசன் டிக்கெட்டுப் போடுறேங்கிறாரு, போகமாட்டேன்னா எப்பிடி? இத்தன நாள் ஆக்கிப்போட்ட நான் என்னடி ஒனக்கு எதிரியா?"ன்னு நான் பாட்டுக்குக் கத்துனேன். என் வாயிதான் ஒங்களுக்குத் தெரியுமே.

அவ கத்தல. வார்த்தைய ஒண்ணொண்ணா அடுக்கிச் சொன்னா. "அக்கா, எனக்கு முன்ன ஒரு பிள்ளை. பையன். மூணு மாசம். காய்ச்சல் வந்துச்சு. எங்க ஊர்ல ஆஸ்பத்திரி ஒரு நாள் நடக்கணும். மழை. மலை சரிஞ்சு ரோடு இல்ல. நான் முதுகுல கட்டி நடந்தேன். பாதி வழியில முதுகுல சூடு இல்ல."

அடுப்புல பருப்பு பொங்கி வழிஞ்சுச்சு. நான் எந்திரிக்கல.

"இங்க பஸ் ஏறுனா அரை மணியில ஆஸ்பத்திரி. நான் வந்தது அதுக்கு. இந்தப் பிள்ளை இங்கதான் வளரும். அவனுக்கு எனக்கு நல்லா பால் இருந்துச்சு, அக்கா. அந்தச் சட்டியிலதான் குடிச்சேன். எனக்குத் தாகமா இருக்கு. சட்டி குடு."

அந்நேரம் பாத்து எங்க வீட்டுக்காரர் மாட்டுக் கொட்டத்துல இருந்து உள்ள வந்தாரு. எல்லாத்தையும் கேட்டிருக்காரு மனுசன். பொதுவா அடுப்படி விசயத்துல மூக்க நுழைக்க மாட்டாரு. அன்னைக்குக் கேட்டாரு.

"ஏ பேச்சி, மாசில நம்ம செவலை கன்னு போட்டுச்சே. நீ அதுக்கு என்ன வச்ச?"

"என்னத்த வைப்பாக? கம்பங்கஞ்சியும் தவிட்டுத் தண்ணியும்."

"எம்புட்டு?"

"தொட்டி தொட்டியா."

"ஏன்?"

"பால் இறங்க வேணாமா?"ன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம்தான் என் காதுலயே அது விழுந்துச்சு.

அவரு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போயிட்டாரு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா நானும் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

ஸ்டூலப் போட்டு ஏறி, பரண்ல இருந்து சட்டிய இறக்குனேன். முப்பத்தஞ்சு நாள்த் தூசி. தொடைக்கப் போனேன். அவ என் கையில இருந்து பிடுங்கிக்கிட்டா. புளியப் போட்டு அவளே வெளக்குனா. வெளக்கி முடிக்கிற வரைக்கும் பொறுக்கல, கொழாயத் தெறந்து ரெண்டு கையையும் குவிச்சுக் குடிச்சா பாருங்க, மோவாயில வழிய வழிய. என் வீட்டுக் கொழாயில ஒருத்தி அப்பிடித் தண்ணி குடிச்சு நான் அதுவரைக்கும் பாத்ததில்ல.

சாயங்காலம் டேக் பகதூரு டிக்கெட்டுப் போட பேரும் வயசும் சொல்லி போன்ல பேசிக்கிட்டிருந்தாரு. சுக்மாயா அவுக பாசையில நாலே வார்த்தை சொன்னா. என்னம்மா சொன்னன்னு பின்னால கேட்டேன். "எடை ஏறலன்னா போறேன், பதினஞ்சு நாள் குடுன்னேன்"ன்னா. டிக்கெட்டும் போட்டுத்தான் வச்சாரு. ஆக அவளுக்குப் பதினஞ்சு நாள் கெடு.

அந்தப் பதினஞ்சு நாளும் அவ நடத்துன நடப்ப நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். எங்கயிருந்து வந்துச்சோ அம்புட்டு அதிகாரம். "அக்கா, நெய் வேணும், நல்ல நெய்." வாங்கியாந்தேன். "அக்கா, பூண்டு நல்லது, அது இருக்கட்டும். கருவாடு வேணாம்." சரின்னேன். எங்க பத்தியத்துல இருந்து எது வேணுமோ அதைப் பொறுக்கிக்கிட்டா, மிச்சத்தத் தள்ளிட்டா. காலையில ஒரு சட்டி ஓம ரசம், மத்தியானம் ஒரு சட்டி, பொழுது சாய ஒரு சட்டி. நடுநடுவுல செம்பு செம்பாத் தண்ணி. எண்ணெயக் கதவத் தெறந்து வச்சே தேச்சா. செபாஸ்தியம்மாள் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வந்தப்ப, சுக்மாயாவே நிமுந்து பாத்து, "அக்கா, ஊறுகா ரெடியாகுது. செத்த நேரம்"ன்னா.

செபாஸ்தியம்மாளுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. நாங்க அன்னைக்குச் சிரிச்சது எதுக்குன்னு சுக்மாயாவுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் கூடச் சேந்து சிரிச்சிருக்கா.

இன்னொண்ணும் எங்ககிட்ட இருந்து எடுத்துக்கிட்டா: சேலைத் தொட்டில். முதுகுல வேலை நேரத்துக்கு, தொட்டில் தூங்குறதுக்கு. உத்தரத்துல என் பழைய சேலையக் கட்டிக் குடுத்தேன். ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு, "இது நல்லாருக்கு, எங்க ஊர்ல இப்பிடி இல்ல"ன்னா. எனக்கு அன்னைக்கு யாரோ மெடல் குத்துன மாதிரி இருந்துச்சு.

அஞ்சாறு நாள்ல பிள்ளை சப்பிட்டு அழுகுறது நின்னுச்சு. பத்து நாள்ல குடிச்சுக்கிட்டே தூங்கிப்போச்சு. ஆனா எடை ஏறுச்சான்னு கண்ணால எப்பிடிச் சொல்ல? நான் காய்கறிக் கடைக்காரன்கிட்டத் தராசு கேக்கப் போனேன். அதுக்கு அவ, "என் பிள்ளை என்ன கத்திரிக்காயா? நர்ஸம்மா தராசுல பாத்துக்கலாம்"ன்னுட்டா.

வைகாசி அஞ்சு. டேக் பகதூரும் ஓட்டல்ல ரெண்டு மணி நேரம் லீவு சொல்லிட்டு வந்திருந்தாரு, மேலெல்லாம் சோயா சாஸ் வாடை. பாக்கெட்டுல டிக்கெட்டு. செபாஸ்தியம்மாளும் வந்திருந்தா, கேட்டா, "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்"ங்கிறா. புவனேஸ்வரி நர்ஸம்மா பிள்ளையத் தொட்டியில போட்டாக. சம்ஜனா காலை ஒதறுனதுல முள்ளு நிக்கவே இல்ல. சுக்மாயா குனிஞ்சு அவ பாசையில என்னமோ மொணங்குனா. பிள்ளை அடங்குச்சு. முள்ளு நின்னுச்சு.

"மூணு கிலோ அறுநூத்தம்பது"ன்னாக நர்ஸம்மா. கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு இன்னொரு தடவ பாத்தாக. "பதினஞ்சு நாள்ல அறுநூறு கிராம்! ஏம்மா, பவுடர் பால் குடுத்தியா?"

"இல்ல."

"பின்ன என்ன பண்ணுனீங்க?"

சுக்மாயா மறுபடியும் என்னையப் பாத்தா. மறுபடியும் என்னையக் காப்பாத்தப் போறான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதுக்கு முன்னாடி நான் முந்திக்கிட்டேன்.

"நர்ஸம்மா, அவ ஒண்ணும் புதுசாப் பண்ணல. நான் பண்ணிக்கிட்டிருந்ததை நிறுத்துனேன். பிள்ளை பெத்தவளுக்கு டம்ளர்ல தண்ணிய அளந்து குடுத்தது நான்தான். அவ சட்டியப் பிடுங்கி வச்சதும் நான்தான்."

பால்வாடியில பத்துப் பொம்பளைக இருந்திருப்பாக. அம்புட்டுப் பேரும் என்னையப் பாத்தாக. நர்ஸம்மா வஞ்சாக, நல்லா வஞ்சாக. தாகத்துக்குத் தண்ணி குடுக்காத பத்தியம் என்ன பத்தியம்னு எல்லாருக்கும் சேத்தே கேட்டாக. நான் வாங்கிக்கிட்டேன். அதுல ரெண்டு பேரு வீட்டுல மருமக பிள்ளை பெத்துக் கெடந்தாளுக. அவுக பாதியிலயே எந்திரிச்சுப் போனதை நான் கவனிச்சேன்.

அட்டையில கோடு மேல ஏறுனதை நர்ஸம்மா பேனாவால இழுத்துக் காட்டுனாக. டேக் பகதூர் அதை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு. பாத்துட்டு டிக்கெட்ட எடுத்தாரு.

"அப்ப ஊருக்குப் போவேணாமா?"ன்னு பொண்டாட்டிகிட்டத் தமிழ்லயே கேட்டாரு, எங்களுக்கும் புரியட்டும்னோ என்னமோ.

சுக்மாயா பிள்ளைய முதுகுல ஏத்தி, போர்வைய முன்னாடி இழுத்து ஒரு முடிச்சுப் போட்டா. ரெண்டாவது முடிச்சப் போட்டுக்கிட்டே, எங்க தெருக்காரி மாதிரியே மோவாயத் தூக்கிச் சொன்னா:

"நான் எப்ப போறேன்னு சொன்னேன்? வழிய விடுங்க. அடுப்புல சட்டி இருக்கு."

நாங்க எல்லாரும் ஒதுங்கி வழிய விட்டோம். செபாஸ்தியம்மாள்தான் மொதல்ல ஒதுங்குனா.